அறுபத்து நான்கு காலிக் கட்டங்கள்

கதவு திறந்ததும் ஏழு விநாடிதான் கணக்கு. அதற்குள் எதிரே நிற்பவர் முகம் கொஞ்சமாவது இளகவில்லை என்றால், அந்த வீட்டை மறந்துவிட்டு அடுத்த வாசலுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். பத்தொன்பது வருடம் கதவு தட்டியதில் கேள்விக்காரி கண்டுபிடித்தது இது.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. தெருக்களுக்கு அவள் கேள்விக்காரி. சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்றில் களப்பணி. கையில் கிளிப் வைத்த அட்டை, தோளில் பை, பேனா இரண்டு. சோப்பு, பற்பசை, மின்விசிறி என்று அவள் கேட்காத பொருள் கிடையாது. ஆனால் வருடம் தவறாமல் வந்த வேலை தொலைபேசிதான்.

நாட்டில் தொலைத்தொடர்புத் தொழில் எப்படி வளர்ந்தது என்று தெரிந்துகொள்ள யாரும் தடித்த அறிக்கைகளைப் புரட்ட வேண்டாம். அவள் கேட்டு வந்த கேள்விகளை வரிசையாக அடுக்கினால் போதும். முதல் வருடம், 'வீட்டில் தொலைபேசி உண்டா?' மூன்றாம் வருடம், 'வீட்டில் எத்தனை கைபேசி?' அப்புறம், 'ஒருவரிடம் எத்தனை சிம்?' இந்தக் கேள்வியைக் கேட்டதும் ஒரு வீட்டில் கணவர் "ஒண்ணுதான்" என்றார். உள்ளேயிருந்து மனைவி, "அப்ப அந்த இன்னொண்ணு யாருக்கு? எழுதிக்கம்மா, ரெண்டு!" என்று குரல் கொடுத்தார். கேள்விக்காரி இரண்டு என்று எழுதிக்கொண்டு, சண்டை சூடு பிடிப்பதற்குள் படியிறங்கினாள். பிறகு ஒரு வருடம், 'மாதம் எத்தனை நிமிடம் பேசுகிறீர்கள்?' என்ற கேள்வி சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தது. அதன் இடத்தில், 'ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி?' வந்து உட்கார்ந்தது. தாளின் மேலே ஏழாக இருந்த நிறுவனங்களின் பட்டியல் ஐந்தாகி, மூன்றாகி நின்றது. ஒன்றையொன்று விழுங்கியவை போக மிச்சம் அவ்வளவுதான்.

அவள் கேட்டுக்கொண்டு வருவதை எண்ணாக்குவது கட்டக்காரரின் வேலை. அவளைவிட மூன்று வயது மூத்தவர். ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதற்குள் ஓர் எண் விழுந்தால்தான் கணினி அதைத் தொடும். அந்த எண்களைச் சரிபார்த்து, விட்டுப்போனதை நிரப்புவதால் அவருக்கு அந்தப் பெயர். கேள்விக்காரி கேட்பாள், கட்டக்காரர் அடைப்பார் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள்.

இருவருக்கும் நடுவில் ஒரு வழக்கம் இருந்தது. தாளில் அச்சடித்திருக்கும் விடைகளில் எதுவும் வீட்டுக்காரர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை என்றால், மற்ற களப்பணியாளர்கள் கிட்டத்தட்ட ஒன்றைப் பார்த்து எண்ணைப் போட்டுவிடுவார்கள். கேள்விக்காரி போடமாட்டாள். கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, வீட்டுக்காரர் சொன்னதை அவர் வாயால் சொன்னபடியே தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதுவாள். தாள் அலுவலகம் போன மறுநாள் கட்டக்காரர் போன் செய்வார்.

"ஏம்மா, நாப்பதாம் நம்பர் வீடு. ஓரத்துல என்னமோ எறும்பு ஊர்ந்திருக்கு. என்ன இது?"

"'போன் இருக்கு, மருமக எடுத்துட்டுப் போயிட்டா'ன்னு சொன்னாங்கண்ணே."

"அப்ப இருக்குன்னு போடவா, இல்லன்னு போடவா?"

"மருமக எப்ப வருவான்னு கேட்டேன். அழுதுட்டாங்க. இல்லன்னே போடுங்க."

இப்படிப் பதினைந்து வருடம். அவள் கேட்டதை அவர் மாற்றியதில்லை. அவரைக் கேட்காமல் அவளும் கட்டத்தை நிரப்பியதில்லை. அவளுடைய தாள் என்றால் அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஓரத்திலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பார் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன வருடம் வந்த வேலை பெரியது. மூன்று நிறுவனங்களில் மூத்தது, தன் பழைய அலைவரிசைச் சேவையை மூட நினைத்தது. பட்டன் போன்கள் ஓடுவது அந்தப் பழைய சேவையில்தான். அதை மூடினால் மிச்சமாகும் அலைவரிசையைப் புதிய வேகமான சேவைக்குத் திருப்பலாம். பேசுகிறவர்களால் வருமானம் வளரவில்லை, படம் பார்க்கிறவர்களால்தான் வளர்கிறது என்பது அவர்கள் கணக்கு. ஆனால் எடுத்த எடுப்பில் மூட முடியாது. ஒவ்வொரு கைபேசிக் கோபுரத்துக்கும் கீழே இருக்கும் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேராவது ஒரு வருடத்துக்குள் புதிய சேவைக்கு மாறத் தயார் என்று ஆய்வு சொன்னால்தான் தொலைத்தொடர்பு ஆணையம் அனுமதிக்கும். அந்த ஆய்வுதான் கேள்விக்காரியின் நிறுவனத்துக்குக் கிடைத்தது.

அவளுக்கு ஒதுக்கிய கோபுரங்களில் ஒன்று, நகரத்தின் ஓரத்தில் ஒரு குன்றுக்குப் பின்னால் இருந்தது. எழுபத்தொரு வீடுகள். அதில் பதினெட்டாம் எண் வீடு அவளுடைய அக்காவுடையது.

அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் மாற்றுப் பணிப்பெண். நிரந்தர ஆள் யாராவது வராமல் போனால் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வரும். மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுக்கவில்லை என்றால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். அதனால் அக்கா குளிக்கப் போனாலும் பட்டன் போனைப் பாலித்தீன் பையில் சுற்றி ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் போவாள்.

ஆய்வுக்கு இந்த முறை கைக்கணினி கொடுத்திருந்தார்கள். குன்றைச் சுற்றித் திரும்பியதும் அது செத்துப்போனது. புதிய சேவையின் சிக்னல் குன்றைத் தாண்டி வரவில்லை. கேள்விக்காரி அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"சாமியாடுறியா?" என்றாள் அக்கா வாசலில் நின்று.

"சிக்னல் இல்லக்கா."

"அதத்தான நாங்க மூணு வருஷமா சொல்றோம். இதைக் கேக்கறதுக்கா உன்னை அனுப்பினாங்க?"

வேறு வழியில்லாமல் அவள் அலுவலகத்துக்குத் திரும்பிப்போய்க் காகிதக் கேள்வித்தாள் எழுபத்தொன்றை வாங்கி வந்தாள். கைக்கணினியில் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் திறக்காது. காகிதம் அப்படியெல்லாம் அடம்பிடிக்காது. அதில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

ஆனால் தெரு அவளை நம்பவில்லை. கம்பெனிக்காரி, நம் போனைப் பிடுங்க வந்திருக்கிறாள் என்று பேச்சு. முதல் மூன்று வீடுகள் கதவைத் திறக்கவே இல்லை. நான்காவது வீட்டு வெல்டர், ஜன்னல் வழியாக, "ஆள் இல்ல!" என்றார்.

"பேசறது யாருங்க?"

"நான் இருக்கேன். பதில் சொல்ற ஆள்தான் இல்ல."

அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். "இவ என் கூடப் பொறந்தவ. நான் கூட வரேன், எவன் தொறக்க மாட்டேங்கறான்னு பாப்போம்." இரண்டு நாள், எழுபது வீடு. அக்காவே கதவைத் தட்டினாள், அக்காவே உத்தரவாதம் சொன்னாள். ஒவ்வொரு வாசலிலும் கேள்விக்காரி சொன்னது ஒன்றே: "உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. சிக்னல் வரலைன்னு இதுல ஏறினாத்தான் அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சா மூட மாட்டாங்க. நான் எழுதிக் கொண்டுபோய்ச் சேத்துடறேன்."

இருபத்து மூன்றாம் கேள்விதான் எல்லாம். 'புதிய சேவைக்கு எப்போது மாறுவீர்கள்?' விடைகள்: ஒரு வருடத்துக்குள், இரண்டு வருடத்துக்குள், மாற மாட்டேன். ஏழு வீடுகள் மாற மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டன. மற்ற அறுபத்து நான்கும் அச்சடித்த விடைக்குள் அடங்கவில்லை. "சிக்னல் வந்தா நாளைக்கே மாறுறேன்." "குன்ற நகத்தச் சொல்லு, மாறுறேன்." "மாறினா கூப்பிட்டா கேக்குமா? கேக்கும்னா மாறுறேன்." வெல்டர் கடைசியில், "புது போன் வாங்கி ஆணியடிச்சு மாட்டவா?" என்றார். அக்கா சொன்னது: "ஆஸ்பத்திரி கூப்பிட்டா மணி அடிக்கணும். எதுல அடிச்சாலும் சரி."

அறுபத்து நான்கு கட்டங்களையும் காலியாக விட்டு, அறுபத்து நான்கு ஓரங்களில் அவள் எழுதினாள். தாள்களை உறையிலிட்டுக் கட்டக்காரரின் மேசையில் வைத்தபோது, "ஓரம் ஜாஸ்திண்ணே இந்தத் தடவை. கூப்பிடுங்க, பொறுமையா சொல்றேன்" என்றாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார்.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான்காம் நாள் அக்காவிடமிருந்து வந்தது. "உங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் பேசினார்டி. கேள்வி கேக்க ஆள் வந்தாங்களா, மரியாதையா பேசினாங்களான்னு கேட்டார். நல்ல மனுஷன், சாப்பிட்டீங்களான்னு கூடக் கேட்டார்."

அது வழக்கமான மறுவிசாரணை. களப்பணியாளர் நிஜமாகவே வீட்டுக்குப் போனாரா என்று கட்டக்காரர் சில வீடுகளைக் கூப்பிட்டுப் பார்ப்பார். அப்படியானால் கட்டக்காரர் தாள்களைக் கையில் எடுத்துவிட்டார். பிறகு ஏன் தன்னைக் கூப்பிடவில்லை? என் எழுத்து இத்தனை வருடத்தில் அவருக்குப் பழகியிருக்கும், எல்லாம் ஒரே பதில்தானே என்று அவளே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த கோபுரம், அடுத்த தெரு என்று வேலை அவளை இழுத்துப்போனது. அதே மாதம் கட்டக்காரருக்கு ஆய்வாளர் என்று புதுப் பதவி வந்தது. கண்ணாடிச் சுவர் வைத்த அறையும் வந்தது. அவள்தான் அலுவலகம் முழுக்க லட்டு மாதிரி சிரிப்பை விநியோகித்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஓர் ஓட்டல் அரங்கில் அறிக்கை வெளியீடு. களப்பணியாளர்களுக்குக் கடைசி வரிசை. 'தொலைத்தொடர்புத் துறை: சந்தைப் போக்குகளும் வளர்ச்சி வாய்ப்புகளும்' என்று திரையில் வந்தது. மேடையில் கட்டக்காரர், புதுச் சட்டையில். கோடுகள் எல்லாம் இடமிருந்து வலமாக ஏறின. டேட்டா பயன்பாடு ஏறியது, வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து வரும் வருமானம் ஏறியது, மக்களின் விருப்பம் ஏறியது. அவள் பெருமையோடுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோடுகளில் தன் செருப்புத் தேய்மானமும் இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லவும் செய்தாள்.

பிறகு கோபுரம் கோபுரமாக ஒரு பட்டியல் வந்தது. குன்றுக்குப் பின்னால் இருக்கும் கோபுரத்தின் எண் அவளுக்கு மனப்பாடம். அதற்கு எதிரே: 'ஒரு வருடத்துக்குள் மாறத் தயார் – தொண்ணூறு சதவீதம்.'

எழுபத்தொன்றில் அறுபத்து நான்கு. மனக்கணக்குப் போட அவளுக்குத் தாள் தேவைப்படவில்லை. காலியாக விட்ட கட்டங்கள் அத்தனையிலும் ஒரே எண் விழுந்திருந்தது.

அரங்கம் கை தட்டியது. அவள் கையும் பாதி தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தது.

மறுநாள் காலை அவள் கண்ணாடி அறைக்குள் போனாள். நாற்காலி காட்டினார்; உட்காரவில்லை.

"என்னைக் கூப்பிடவே இல்லையேண்ணே."

"வேலை நெருக்கடிம்மா. முப்பதாயிரம் தாள்."

"என் தாள் எழுபத்தொண்ணு. ஓரத்தைப் படிக்கலையா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "படிச்சேன்."

படிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவள் அழுதுவிட்டுப் போயிருப்பாள்.

"'சிக்னல் வந்தா மாறுறேன்'னு சொன்னாங்க. அதை எப்படிண்ணே..."

"மாறுறேன்னு சொன்னாங்கல்ல? மாற மாட்டேன்னு சொல்லலையே. நான் பொய் எண் எதுவும் போடல. நீ காலியா விட்ட, விதிப்படி நான் அடைச்சேன். அவங்க எதிர்பாத்த எண் வரலைன்னா அடுத்த வருஷம் இந்த வேலையே நமக்கு இல்ல. உனக்கும் சேத்துத்தாம்மா பண்ணேன்."

"எங்கக்காவுக்குப் போன் பண்ணீங்களே. எந்த லைன்ல பேசினீங்க? நீங்க மூடச் சொன்ன லைன்லதான? சாப்பிட்டீங்களான்னு வேற கேட்டீங்களாமே."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "ஆணையம் கேக்கறாங்க. காலியா இருந்த கட்டங்களை உன் சம்மதத்தோடதான் நிரப்பினோம்னு ஒரு கையெழுத்து. வழக்கமான சடங்குதான். அடுத்த மாசம் களத்துக்கு மேற்பார்வையாளர் போடறாங்க. உன் பேரைத்தான் சொல்லியிருக்கேன். இனிமே கதவு தட்ட வேண்டாம்."

"என் தாள்களைக் குடுங்க, பாத்துட்டுப் போடறேன்."

"பதிவு ஏத்தினதும் அரைச்சுட்டாங்களேம்மா. உனக்குத் தெரியாததா?"

தெரியும். பதிவு ஏற்றியதும் தாள்கள் அரவை இயந்திரத்துக்குப் போவது பழைய வழக்கம். அவளே எத்தனையோ தடவை மூட்டை தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

அவள் நின்றபடியே பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடும் கட்டத்தில், மூலைக்கு மூலை இரண்டு கோடு கிழித்தாள். பிறகு படிவத்தின் ஓரத்தில் எழுத ஆரம்பித்தாள். பதினெட்டாம் வீடு, மணி அடிக்கணும். நான்காம் வீடு, ஆணியடிச்சு மாட்டவா. முப்பதாம் வீடு, குன்ற நகத்தச் சொல்லு. கேட்டதை மறக்காதது அந்தத் தொழிலின் சாபம். முன்பக்கம் நிரம்பிப் பின்பக்கம் திருப்பினாள். நாற்பத்தொரு வீடு வரை ஞாபகம் வந்தது.

"எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார் கட்டக்காரர் மெதுவாக. "அந்த ஓரத்தை யாரும் படிக்க மாட்டாங்க."

"நீங்க படிச்சுட்டு இருந்தீங்களே."

படிவத்தை மேசையில் வைத்துவிட்டு, அடையாள அட்டையையும் கழற்றி அதன்மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். பிறகு ஆணையத்தின் அலுவலகத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு முத்திரை குத்தினார்கள். மூலத் தாள் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது: களப்பணியாளர் பணியில் இல்லாததால், ஆய்வாளரின் கையொப்பமே போதுமானதாக ஏற்கப்பட்டது.

மூடும் தேதி எழுபத்தொரு போன்களுக்கும் குறுஞ்செய்தியாக வந்தது. 'உங்கள் பகுதி மக்களின் விருப்பத்துக்கு இணங்க' என்று அது ஆரம்பித்தது. அன்று மாலை அக்காவின் போன் வந்தது. குரலுக்குப் பின்னால் பத்துப் பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி எழுதின நீ?"

"அக்கா, நான்..."

"என்ன எழுதினன்னு கேக்கறேன். எல்லாரும் என் வாசல்ல நிக்கறாங்க. கூட்டிட்டு வந்தது நீதானன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அழைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டாள். அக்கா எடுக்கவில்லை.

தேதி வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, எழுபத்தொரு போன்களிலும் சிக்னல் கோடுகள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் போயின. அந்த வாரத்தில் ஆஸ்பத்திரி அக்காவை இரண்டு முறை கூப்பிட்டதும், இரண்டு முறையும் அடுத்த பெயருக்குப் போனதும் கேள்விக்காரிக்கு வேறு ஆள் மூலம்தான் தெரிந்தது. இப்போது அக்கா புது போன் ஒன்று வாங்கி, தினம் விடியும்போதே குன்றின் மேலிருக்கும் தண்ணீர்த் தொட்டி வரை ஏறி, அங்கே உட்கார்ந்து அழைப்புக்குக் காத்திருக்கிறாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேள்விக்காரி குன்றைச் சுற்றி நடந்தாள். அட்டை இல்லை, பை இல்லை. இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பதினெட்டாம் எண் கதவைத் தட்டினாள்.

அக்கா திறந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பழக்கத்தில் மனம் எண்ணியது. ஏழு தாண்டியது. முகம் இளகவில்லை. கதவை மூடவும் இல்லை.

"என்ன கேக்கணும்?" என்றாள் அக்கா.

"கேக்க வரலக்கா. சொல்ல வந்தேன்."

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பதினைந்து வருட வழக்கம், காலியாக விட்டது, போன் வராதது, தொண்ணூறு சதவீதம், கண்ணாடி அறை, அரைத்த தாள்கள். அக்கா கதவு நிலையில் சாய்ந்து கடைசி வரை கேட்டாள்.

"சம்மதம்னு நீ போடலையா?"

"போடல."

"மாட்டேன்னும் போடல."

"சொன்னதைத்தான் எழுதினேன். ஓரத்துல."

"கட்டத்தை அடுத்தவன் கையில காலியா குடுத்துட்டு, ஓரத்துல எழுதினாளாம்." அக்கா கொஞ்ச நேரம் குன்றைப் பார்த்தாள். "பதினஞ்சு வருஷம் நல்லவனா இருந்தானாக்கும்."

"ஆமாக்கா."

"அதையும் சேத்துச் சொல்லு."

"யார்கிட்ட?"

"பக்கத்து வீட்டுல. அதுக்கடுத்த வீட்டுல. எழுபது வீட்டுலயும். எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா நான் உன் அக்கான்னு நம்பினேன்னு சொல்லுவாங்க." கதவின் ஒரு பாதியைச் சாத்தினாள். "இந்தத் தடவை நான் கூட வரமாட்டேன்."

கேள்விக்காரி படியிறங்கித் தெருவைப் பார்த்தாள். முதல் வீட்டிலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை. முதல் மூன்று வீடுகள் இந்த முறையும் திறக்கவில்லை. நான்காம் எண் வாசலில் நின்று தட்டினாள். உள்ளே இரும்பைத் தேய்க்கும் சத்தம் நின்றது.

"ஆள் இல்ல!" என்றது வெல்டரின் குரல்.

அவள் அங்கேயே நின்று, மூடிய கதவைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.